அவர் வைத்ததே விலை

1

'ஏகபோகம்' என்ற சொல் தமிழில் தனியாக வருவது குறைவு. முன்னால் அது வந்தால் பின்னாலேயே 'உரிமை' வரும். அதன் பின்னால் 'கொண்டாடு' என்ற வினையும் வரும். ஏகபோக உரிமை கொண்டாடுகிறார் என்கிறோம். உறவு கொண்டாடுவது, சொந்தம் கொண்டாடுவது, பாத்தியதை கொண்டாடுவது என்ற வரிசையில் இதுவும் ஒன்று. இந்த இடங்களில் கொண்டாடுதல் என்றால் விழா எடுப்பதில்லை. தனக்கு உண்டு என்று திரும்பத் திரும்பச் சொல்லி நிலைநாட்டப் பார்ப்பது. யாரும் மறுக்காத உரிமையை எவரும் கொண்டாடுவதில்லை. தன் நிழல்மேல் ஒருவர் உரிமை கொண்டாடினார் என்று சொல்லக் கேட்டதில்லை. ஆக, இந்தச் சொல் எங்கே வந்தாலும் மறுப்புக்கும் அங்கே இடம் இருக்கிறது.

அந்த உரிமையை வைத்திருக்கும் ஆளை என்னவென்று அழைப்பது? நம் பொருளியல் பாடப்புத்தகம் முற்றுரிமையாளர் என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் அந்த நிலைக்குத் தனியுரிமை என்று பெயர் வைத்திருக்கின்றன. தொழிற்சங்க மேடை ஏகபோக முதலாளி என்கிறது. காவிரிப் பக்கம் ஏகபோக மிராசுதார். தெருவில் பேசும்போது இவை எதுவும் வருவதில்லை. "இவன் என்ன மொத்தமா குத்தகைக்கு எடுத்திருக்கானா?" என்கிறார்கள். ஒரே ஆளுக்கு இத்தனை பெயர் இருக்கிறதென்றால், அவரைப் பல இடங்களில் நின்று பல பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். யார் எங்கே நின்று பார்த்தார்கள் என்று யோசிப்பதுதான் இந்தக் குறிப்புகளின் வேலை.

2

ஏகம் எளிது. ஒன்று, ஒருவர். போகத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

போகம் என்றால் இன்பம் என்றுதான் முதலில் தோன்றும். வயலில் இருப்பவருக்குப் போகம் என்றால் விளைச்சல். ஒருபோகம் விளையும் நிலம், இருபோகம், முப்போகம் என்று நிலத்தின் தரத்தைச் சொல்வது அந்தக் கணக்கில்தான். குறுவை ஒரு போகம், தாளடி அடுத்த போகம். பத்திரம் எழுதுபவருக்குப் போகம் என்றால் அனுபவ பாத்தியதை. பழைய கிரயப் பத்திரங்களில் அஷ்டபோகம் என்று எட்டு வகை அனுபவங்களைச் சொல்லி எழுதிக் கொடுப்பார்கள். நிலத்துக்கு அடியில் புதையல் இருந்தால் அதுவும், நீரும், கல்லும், இப்போது கிடைப்பதும், இனிமேல் கிடைக்கக்கூடியதும் எல்லாம் வாங்குகிறவருக்கே என்று அதற்குப் பொருள்.

இன்பம், விளைச்சல், அனுபவ உரிமை. மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. விளைந்தால்தான் அனுபவிக்க முடியும். அனுபவிக்கும் உரிமை இருந்தால்தான் அந்த விளைச்சல் இன்பமாகும். ஆனால் மூன்றில் ஒன்றை மட்டும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. விளைச்சல் ஒற்றை ஆளால் வருவதில்லை. உழுதவர், மடை திறந்தவர், நாற்றுப் பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர் என்று எத்தனையோ கைகள் பட்டுத்தான் அது வருகிறது. ஏகபோகம் என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் அங்கே ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கின்றன. பலர் கூடிச் செய்ததை ஒருவர் அனுபவிப்பது என்பதே அதன் நேரான பொருள்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர்ச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கணக்கெடுத்தபோது ஊர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஊர் முழுவதும் ஒரே மிராசுதாரின் கையில் இருந்தால் ஏகபோகம். பல மிராசுதார்கள் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தால் பலபோகம். பங்காளிகள் எல்லாரும் பொதுவில் வைத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையீடு செய்து, யாருக்கு எந்த நிலத்துண்டு என்று மாற்றி மாற்றிப் பகிர்ந்துகொண்டால் சமுதாயம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊர்கள் ஏகபோகமாக இருந்தன.

இந்தப் பிரிவில் என்னை நிறுத்துவது சொற்களின் பிற்கால வாழ்வு. மூன்றும் ஒரே கணக்கேட்டில் இருந்தவை. சமுதாயம் என்பது இன்றைக்கு மனிதர்கள் சேர்ந்து வாழும் மொத்த அமைப்புக்கும் பெயராகிவிட்டது. ஏகபோகம், சந்தையைத் தனியாளாகப் பிடித்து வைத்திருப்பதன் பெயராகிவிட்டது. நடுவில் இருந்த பலபோகத்தை மட்டும் நாம் மறந்துவிட்டோம். அவரவர்க்கு அவரவர் பங்கு, ஆனால் ஒரே ஊர் என்ற அந்த நடுநிலைக்கு இன்றைய பேச்சில் சொல் இல்லை. எல்லாரும் சேர்ந்து அல்லது ஒருவர் மட்டும் என்ற இரண்டு கோடிகளுக்கு நடுவில்தான் உலகத்தின் பெரும்பாலான தொழில்கள் நடக்கின்றன. அந்த இடத்துக்குப் பெயர் இருந்தது. அதை நாம் மீட்டெடுக்கலாம்.

சமுதாயம் என்ற பழைய ஏற்பாட்டை நினைத்து உருகவும் கூடாது. அந்தப் பொதுவில் பங்கு இருந்தது மிராசுதார்களுக்கு மட்டும். சேற்றில் இறங்கிய பண்ணையாட்கள் மூன்று வகை ஊர்களிலும் வெளியேதான் நின்றார்கள். அவர்களில் மிகப் பலர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஏகபோகம், பலபோகம், சமுதாயம் மூன்றும் ஒன்றே. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வரும் வரை, விளைவித்தவருக்கு அந்த விளைச்சலில் சட்டப்படி ஒரு பிடி என்று சொல்ல எதுவும் இல்லை. எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு கேள்வி முடியக்கூடாது. யாருக்கு வழி அடைபட்டிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

4

குத்தகை வேறு விதமான சொல். ஏகபோகத்தில் அனுபவிப்பவர் மட்டும் தெரிகிறார். குத்தகையில் இரண்டு பேர் தெரிகிறார்கள். கொடுத்தவர் ஒருவர், எடுத்தவர் ஒருவர். இருவருக்கும் நடுவில் ஒரு தொகை, ஒரு தவணை.

கம்பெனி காலத்துச் சென்னப்பட்டணத்தில் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் குத்தகை இருந்தது. ஏலத்தில் எடுத்தவரைத் தவிர வேறு எவரும் நகரத்துக்குள் அவற்றை விற்கக்கூடாது. சுங்கச்சாவடிகளுக்குக் குத்தகை, கள்ளுக்கும் சாராயத்துக்கும் குத்தகை. ஏரி மீனுக்கும் சந்தை வசூலுக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் இன்றுவரை குத்தகை ஏலம் நடக்கிறது. ஆகவே ஒரு பொருளை ஒருவரே விற்பது தமிழருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாக இருந்ததில்லை. தினமும் வெற்றிலை வாங்கும்போதே தெரிந்திருந்தது.

குத்தகைக்காரரை ஊருக்குப் பிடிக்காது. காரணம் தெளிவு. தவணை முடிவதற்குள் கட்டிய பணத்தை எடுத்து, லாபத்தையும் பார்த்தாக வேண்டும். அடுத்த ஆண்டு ஏலம் யாருக்குப் போகுமோ தெரியாது. ஏரியில் மீன்குஞ்சு மிச்சமிருக்குமா என்பது அவருடைய கவலை ஆகாது. ஆனாலும் ஒரு விதத்தில் ஏகபோகத்தைவிடக் குத்தகை நேர்மையான சொல் என்று நினைக்கிறேன். இது உன்னுடையதில்லை, உனக்குக் கொடுக்கப்பட்டது, ஒரு நாள் முடியும் என்ற மூன்று உண்மைகளையும் அது மறைக்கவில்லை. "குத்தகைக்கு எடுத்திருக்கானா?" என்று தெருவில் கேட்பவர் உண்மையில் கேட்பது அதைத்தான். உனக்கு இதை யார் கொடுத்தார்? எவ்வளவு நாளைக்கு?

5

இதே நிலைக்குக் கிரேக்கர்கள் வைத்த சொல் விற்பவர் பக்கமிருந்து பிறந்தது. ஒற்றை விற்பனை என்று அதற்குப் பொருள். அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் இதற்கு இரண்டு கதைகள் சொல்கிறார்.

மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் ஏழை. தத்துவம் சோறு போடாது என்று ஊர் ஏளனம் செய்தது. வானத்தைப் பார்த்து வரும் பருவத்தில் ஆலிவ் நன்றாகக் காய்க்கும் என்று கணித்தார். குளிர்காலத்தில், போட்டிக்கு ஆள் இல்லாத நேரத்தில், மிலேட்டஸிலும் கியோஸிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகள் அத்தனைக்கும் சிறு முன்பணம் கொடுத்து வைத்தார். காய் பழுத்தபோது எல்லாரும் செக்குக்கு ஓடினார்கள். அவர் வைத்ததே விலை. இன்னொரு கதை சிசிலியில் நடந்தது. இரும்பு முழுவதையும் வாங்கிப் போட்டுத் தான் ஒருவனே விற்றான் ஒருவன். போட்ட பணம் ஐம்பது, வந்த லாபம் நூறு. அந்நாட்டு ஆட்சியாளர் டயோனிசியஸ், பணத்தை எடுத்துக்கொள், ஊரைவிட்டுப் போய்விடு என்று அனுப்பிவிட்டார்.

தேலீஸை உலகம் புகழ்கிறது. சிசிலிக்காரனை ஆட்சியாளர் நாடு கடத்தினார். செய்த வேலை ஒன்றுதான். தேலீஸ் தம்மால் முடியும் என்று காட்டிவிட்டு மீண்டும் தம் சிந்தனைக்குத் திரும்பியவராகச் சொல்லப்படுகிறார். அதனால் அவர் கதை புத்திசாலித்தனத்தின் கதையாகிவிட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் செக்கு கிடைக்காமல் அவர் சொன்ன வாடகையைக் கொடுத்த ஆலிவ் விவசாயி ஒருவர் இருந்திருப்பார். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லப்படும் கதையில் அவர் ஒரு வரிகூடப் பேசவில்லை.

ரோமில் டைபீரியஸ் சக்கரவர்த்தி இந்தக் கிரேக்கச் சொல்லைச் செனட்டில் பயன்படுத்த நேர்ந்தபோது, அயல்மொழிச் சொல்லைச் சொல்வதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார் என்று சுவெடோனியஸ் எழுதியிருக்கிறார். சொல்லைச் சொல்லத் தயங்கிய பேரரசில் அந்தச் சொல் குறித்த வேலை தயங்காமல் நடந்தது. உப்பு விற்பனையையே தன் கையில் வைத்திருந்த நாடு ரோம்.

6

நமக்கும் உப்புதான் பாடம்.

உப்பையும் நாம் விளைவிக்கிறோம். உப்பு விளைந்தது, இந்த ஆண்டு விளைச்சல் குறைவு என்றுதான் உப்பளத்தில் பேசுவார்கள். பாத்தி கட்டி, கடல்நீரை ஏற்றி, வெயிலுக்கு விட்டு, பூத்ததை வாரி எடுப்பது உழவைப் போலவே உடம்பை முறிக்கும் வேலை. சங்கப் பாடல்களில் உமணர்கள் உப்பு வண்டியோடு உள்நாட்டுக்குப் போகிறார்கள். அவ்வளவு பழைய வாணிகம்.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக அறிவித்தது. உப்பிலிருந்து அரசன் பங்கு எடுப்பது முன்பும் இருந்ததுதான். இப்போது வந்தது வேறு. விளைந்த உப்பு முழுவதையும் கம்பெனியின் கொட்டாரத்தில்தான் அளந்து போட வேண்டும். விளைவித்தவருக்குக் குடிவாரம் என்று ஒரு தொகை கிடைக்கும். மக்கள் கம்பெனி குறித்த விலைக்கு வாங்க வேண்டும். அளத்துக்காரருக்கு வாங்குபவர் ஒருவரே, சமைப்பவருக்கு விற்பவர் ஒருவரே. இரண்டு பக்கக் கதவுக்கும் ஒரே சாவி.

அதையும் தாண்டி ஒன்று நடந்தது. கோடையில் உப்பங்கழியின் ஓரங்களில் யாரும் பாத்தி கட்டாமலே உப்பு தானாகப் பூக்கும். மக்கள் அதை அள்ளிக்கொள்ளாமலிருக்க, சிப்பந்திகளை வைத்து அதை மண்ணோடு கலந்து அழித்தார்கள். உவர் மண்ணைக் கரைத்து மண்ணுப்புக் காய்ச்சிப் பிழைத்தவர்களின் தொழிலும் ஒடுக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் ஏகபோகத்தின் உள்முகம் எனக்குத் தெரிகிறது. தான் விற்பதற்காக உழைப்பதோடு அது நின்றுவிட முடியாது. மற்றவருக்குச் சும்மா கிடைப்பதை அழிக்கவும் ஆள் போட வேண்டியிருக்கிறது. கடலும் வெயிலும் கொடுப்பதைக் கெடுத்தால்தான் கொட்டாரத்து விலை நிற்கும். பொருளைப் பெருக்குகிறவர் வியாபாரி. வேறு வழிகளைக் குறைக்கிறவர் ஏகபோகக்காரர். இருவரும் ஒரே தராசைப் பிடித்திருப்பதால் நமக்கு வேறுபாடு சட்டென்று தெரிவதில்லை.

7

இந்த உப்புச் சட்டத்தை எதிர்த்து 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்கக் காத்திருந்தார். தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். மக்கள் வழியோரத்து மரக்கிளைகளில் சோற்று மூட்டைகளைக் கட்டி வைத்தார்கள் என்பது அந்த நடைப்பயணத்தைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. ஏப்ரல் 28இல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார்.

அள்ளியது எவ்வளவு உப்பு? ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. அரசாங்கத்தின் கொட்டாரத்தில் அதனால் ஒரு மரக்கால் குறைந்திருக்காது. ஆனாலும் அரசாங்கம் லத்தியை எடுத்தது. காரணம் அளவில் இல்லை. ஏகபோகம் எப்போதும் முழுமையாகத்தான் இருக்க முடியும். தொண்ணூற்றொன்பது பங்கு ஏகபோகம் என்று ஒன்று கிடையாது. இன்னொரு வழி உண்டு என்று ஒருவர் காட்டிவிட்டால் வைத்த விலைக்கு நியாயம் சொல்ல வேண்டி வந்துவிடுகிறது.

1931 மார்ச்சில் காந்தியும் வைஸ்ராய் இர்வினும் செய்துகொண்ட உடன்பாட்டில், உப்பு விளையும் இடங்களுக்கு அருகே வாழ்பவர்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும், தங்கள் ஊருக்குள் விற்கவும் அனுமதி கிடைத்தது. சட்டம் அப்படியே இருந்தது. ஒரு சிறு வாசல் மட்டும் திறந்தது. உப்பு வரி 1947இல்தான் போனது.

8

வேதாரண்ய நடைப்பயணத்துக்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் இன்னொரு வாசலைத் திறக்கப் பார்த்தார் வ.உ.சி.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சரக்கு ஏற்றும் வணிகர்களுக்கு அவர்கள் வைத்ததே கூலி. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஒரு பெருமுதலாளியை இன்னொரு பெருமுதலாளியைக் கொண்டு எதிர்ப்பது வ.உ.சி.யின் திட்டமாக இருக்கவில்லை. இருபத்தைந்து ரூபாய் போட முடிந்த ஆசியர் எவரும் கப்பலில் பங்காளி ஆகலாம். தஞ்சாவூர்க் கணக்கேட்டின் சொல்லை எடுத்துச் சொன்னால், கடலில் ஒரு பலபோகம். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வந்தன.

பழைய கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. மேலும் குறைத்தது. கடைசியில் பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும், ஏறுபவருக்கு ஒரு குடையும் தருவதாகவும் அறிவித்தது என்று சொல்வார்கள். கொழும்புக்குப் பிழைக்கப் போகும் ஏழைக் கூலியாளிடம், நாட்டுக்காகக் காசு கொடுத்து ஏறு என்று எவ்வளவு நாள் சொல்ல முடியும்? அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் நாற்பது ஆண்டு என்று தீர்ப்பு. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் அந்த இலவசப் பயணத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். ஏகபோகம் அதிக விலையால் மட்டும் தெரிவதில்லை. சில வேளை அது மிகக் குறைந்த விலையாக, இனாமாக, குடையாக வருகிறது. போட்டிக்காரர் மூழ்கும் வரைதான் அந்தத் தாராளம். இன்று கைப்பேசியில் வரும் இலவசங்களையும் சலுகைக் கட்டணங்களையும் பார்க்கும்போது கேட்க வேண்டியதும் அதுவே. இந்த விலை எனக்காக வைக்கப்பட்டதா, இன்னொருவரை வெளியேற்ற வைக்கப்பட்டதா?

9

ஏகபோகம் எல்லாமே கெட்டதா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு தெருவுக்கு இரண்டு மின்கம்ப வரிசை வேண்டாம். ஒரு ஊருக்கு இரண்டு ரயில் பாதை வேண்டாம். எவரும் போகாத மலைக்கிராமத்துக்கு ஒரே ஒரு அரசுப் பேருந்து போகிறதென்றால், அந்த ஒற்றைப் பேருந்தை ஊர் வாழ்த்துகிறது. அங்கே ஒன்றாக இருப்பது கடமையோடு வருகிறது. கட்டணத்தைச் சட்டமன்றத்தில் கேட்கலாம், தாமதத்துக்கு மனுக் கொடுக்கலாம்.

அரசு கையில் இருந்தால் போதும் என்றும் அமைதியாகிவிட முடியாது. 1983இல் மொத்த விற்பனைக்குத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடைகளை ஏலம் எடுத்தவர்கள் போனார்கள். அவர்கள் இடத்தில் அரசே உட்கார்ந்தது. விற்பவரும் கட்டுப்படுத்த வேண்டியவரும் வருமானம் எண்ணுபவரும் ஒருவரே ஆகும்போது, குடிக்கும் வீட்டிலிருந்து அழும் பெண் எந்தப் பக்கம் போய் முறையிடுவார்?

காலக்கெடு வைத்த ஏகபோகமும் உண்டு. இங்கிலாந்தில் எலிசபெத் அரசி உப்பு, கஞ்சிப்பசை, சீட்டுக்கட்டு என்று பல பொருள்களுக்குத் தனி விற்பனை உரிமையை வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். 1601இல் நாடாளுமன்றத்தில் அந்தப் பட்டியலை வாசித்தபோது, ரொட்டி இதில் இல்லையா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். 1624இல் வந்த சட்டம் அந்த உரிமைகளைச் செல்லாதவை ஆக்கியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு மட்டும் பதினான்கு ஆண்டு விட்டுவைத்தது. இன்றைய காப்புரிமைகளின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நீ கண்டதை ஊருக்குச் சொல், அதற்குக் கூலியாகச் சில ஆண்டு தனியாக அனுபவி, பிறகு எல்லாருக்கும் விடு. இந்தியாவில் அந்தக் காலம் இருபது ஆண்டு.

நம் பக்கத்திலேயே இது சோதிக்கப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை உறுதி செய்தது. தெரிந்த பொருளையே சற்று மாற்றி, குணம் கூடாமல், மறுபடி ஒரு காலக்கெடு கேட்கக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முந்திய ஆண்டு இன்னொரு மருந்துக்கு, காப்புரிமை இருக்கும்போதே வேறொருவரும் தயாரிக்க விடும் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது. பேயர் கம்பெனியின் நெக்ஸவார். ஒரு மாத மருந்தின் விலை ஏறத்தாழ 2,80,000 ரூபாய். அதையே நாட்கோ கம்பெனி ஏறத்தாழ 8,800 ரூபாய்க்குத் தர முன்வந்தது.

இரண்டு எண்களையும் மேலும் கீழுமாக எழுதிப் பார்க்கிறேன். ஆராய்ச்சிக்குச் செலவாகும் என்பது உண்மை. அதற்குக் கூலி வேண்டும் என்பதும் நியாயம். ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தில் மனிதர்கள் செத்துப்போகிறார்கள். தவணைக்குள் இருக்கும் குத்தகைக்காரருக்கும் ஊரின் உயிர்மேல் ஒரு பொறுப்பு உண்டு என்று சட்டம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சட்டம் சொன்னது என்பதில் எனக்குப் பெருமை.

10

அமெரிக்காவில் லிஸி மேகி என்ற பெண் 1904இல் ஒரு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் வாங்கி வாடகை வசூலிக்கும் விளையாட்டு. நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று பிள்ளைகளுக்கும் புரிய வைப்பது அவர் நோக்கம். அதற்கு இரண்டு விதமான விதிகளை அமைத்தார். ஒன்றில் எல்லாரையும் ஓட்டாண்டியாக்கி ஒருவர் ஜெயிப்பார். மற்றதில் விளைந்த செல்வம் எல்லாருக்கும் சேரும். 1935இல் ஒரு பெரிய கம்பெனி அதை 'மோனோபோலி' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தபோது முதல் விதி மட்டும் பிழைத்தது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர்.

கோடை விடுமுறையில் நம் வீடுகளில் பிள்ளைகள் பம்பாய், மெட்ராஸ் என்று ஊர் ஊராக வாங்கி விளையாடும் அட்டையும் அந்த வழியில் வந்ததே. எல்லாருக்கும் சேரும் அந்த இரண்டாவது விதி அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கலாம்.

11

பொருள்களைவிட்டு மனசுக்குப் போனால் அங்கேயும் இந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழுக்கு நான்தான் காவல் என்கிறார் ஒருவர். அம்மாவை அதிகம் நேசித்தது நான்தான் என்று சாவு வீட்டில் உடன்பிறந்தோரிடம் சொல்கிறார் இன்னொருவர். உண்மை எங்கள் பக்கம் மட்டும் என்கிறது ஒரு கட்சி. கோயில் எங்களுடையது என்று நூற்றாண்டுகளாகச் சொன்னார்கள் சிலர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியது. அதைத்தான் தாங்க முடியாமல் சிலர் எதிர்த்தார்கள்.

உப்பும் நிலமும் பகிர்ந்தால் குறையும் என்றாவது சொல்லலாம். மொழியும் அன்பும் தெய்வமும் பகிர்ந்தால் குறைவதில்லை. குறையாத ஒன்றின் மேலும் ஏகபோகம் கொண்டாடத் தோன்றுகிறதே, அப்போது அனுபவிப்பது எதை? பொருளை இல்லை. மற்றவர் வெளியே நிற்பதைத்தான் அனுபவிக்கிறோம். இது என்னிடமும் இருக்கிறதா என்று பார்க்கும்போது இருக்கிறது. பிடித்த எழுத்தாளரை இன்னொருவரும் கொண்டாடும்போது ஒரு கணம் மனம் சுருங்குகிறது. ஒரு கணம்தான், ஆனால் உப்பை மண்ணோடு கலந்தவர்களின் மனமும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

12

இந்தியாவில் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய சட்டம் 1969இல் வந்தது. அதன் பெயரிலேயே ஏகபோகம் இருந்தது. 2002இல் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டு, 2009இல் பழையது விலக்கப்பட்டது. புதிய சட்டத்தில் பெரிதாக இருப்பது குற்றம் கிடையாது. அந்தப் பெரிய நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம். இது நியாயமான திருத்தம் என்றே நினைக்கிறேன். ஆனால் தவறாகப் பயன்படுத்தினார் என்று யார் சொல்ல வேண்டும்? வேறு வழியில்லாமல் வாங்கியவர்தான் சொல்ல வேண்டும். அவருடைய சொல் நம் அகராதிகளில் எங்கே இருக்கிறது?

ஏகபோகம் அனுபவிப்பவரைச் சொல்கிறது. குத்தகை கொடுத்தவரையும் எடுத்தவரையும் சொல்கிறது. முற்றுரிமை அதை ஓர் உரிமை என்று சொல்கிறது. வாங்குகிறவர் எதிலும் இல்லை. அவர் இருப்பது பேச்சில் மட்டும். "அவன் வச்சதுதான் விலை" என்கிறார். "வேற வழி?" என்கிறார். பொருளியலின் ஓர் அத்தியாயம் இந்த இரண்டு சொல் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

ஆகவே இனிமேல் இந்தச் சொல்லைக் கேட்கும்போது மூன்றைக் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன். இது என்று முடியும்? விளைவித்தவருக்கு என்ன வாரம்? வாங்குகிறவருக்கு வேறு வழி உண்டா? மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒருவர் தனியாக விற்றாலும் அவரோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லாதவரிடம், அவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்கியபடியே இன்னொரு வழியையும் தேடிக்கொண்டிருப்பது நம் கடமை. வழி இல்லாத இடத்தில் இருபத்தைந்து ரூபாய்ப் பங்காவது போட்டு ஒன்றை உண்டாக்குவதும் நம் கடமை. சுதேசிக் கப்பல் தோற்றது என்று பள்ளியில் படித்தோம். பங்கு போட்டவர்கள் தவறு செய்தார்கள் என்று எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அது சரியான பாடம்.